கால் பிரேக்

செருப்பை வெளிய உடுங் தம்பி. அக்கட்டால, வேப்பமரத்துக்குக் கீழ உட்டுட்டு வாங்க. உள்ளாற சாமி இருக்குது.

எங்கன்னு தேடறீங்களா? இதா நிக்குதல்லங், இதுதான். இரும்பு கடையற லேத்துதானுங் சாமி. எங்கூட்டுக்காரர் வாங்கிப் போட்டது. கார் ஷெட்டுன்னுதான் கட்டுனாரு. கார் வாங்கற யோகம் வர்ல, இது வந்து நின்னுக்குச்சு. இந்தக் கணபதி ஏரியாவுல வந்து, என்ற பேரைச் சொல்லி, சாமியாத்தா பட்டறைன்னு கேட்டீங்கன்னா எந்தச் சந்துலயும் கை காட்டுவாங்க. கிரைண்டருக்குள்ள மாட்டற புஷ், சின்னக் குழாயாட்டம் இருக்கும், அதைக் கடையறேன். ஆளு வெச்சில்லீங், நானே நின்னு கடையறேன்.

பாத்து வாங்க, கீழ இரும்புச் சுருள் கெடக்கும். மிஷின் சீவித் தள்ளறது, பாக்கறதுக்கு மினுமினுன்னு இருக்கும், குத்துனா உள்ளயே போயிரும். எனக்குப் பாதம் காச்சுப்போச்சு, தெரியறதில்ல. அட, அதுக்குன்னு செருப்பைத் தேடிப் போகாதீங். ஓரமா வாங்க.

வேலை சின்ன வேலைதான். மிஷினுக்குக் கீழ நீட்டமா ஒரு இரும்புப் பட்டை தெரியுதல்லங், இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும். அதைக் கழட்டிப்போடோணும். ஒயரோட. மத்தியானத்துக்குள்ள கழட்டியாகோணும், ஏன்னா என்ற பையனும் மருமகளும் டெம்போ எடுத்துட்டு வர்றாங்க. கட்டிலு, பீரோ, அவ சீர் கொண்டாந்த பாத்திரம், அத்தனையும் ஏத்திட்டுப் போறதுக்கு. சரவணம்பட்டியில ஊடு புடிச்சாச்சு. தனிக்குடித்தனம்! போகட்டும், நான் தடுக்கல. ஆனா அவ சாமான் ஒண்ணுகூட இந்தப் பட்டறையில இருக்கக் கூடாது. அதா, மூலையில சாக்குல கட்டி வெச்சுருக்கேன் பாருங். பட்டை ஒண்ணுதான் பாக்கி. அதுக்குள்ள கரண்டு ஒயரு போகுது, எனக்குக் கரண்டுன்னா பயம். இல்லாட்டி உங்களை எதுக்குக் கூப்புடறேன்?

அது என்னதுன்னா கேக்கறீங்க? கால் பிரேக்குங். மிதிக்கறதாம்! மிஷினை மிதிக்கறதாம்! நீங்க கரண்டு வேலை பாக்கறவரு, உங்க பையில கால் பட்டுட்டாத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்க மாட்டீங்க? ஒத்திக்குவீங்கல்ல? அதைத்தான் நானும் சொன்னேன். சோறு போடற மிஷினுங் இது. இதுக்கு அவ ஒரு மிதியடி செஞ்சு வெச்சுருக்கறா.

டீ குடிங்க. ஆறுது.

அவ பேரு வான்மதி. உடுமலைப் பக்கம். டிப்ளமோ படிச்சவ, கம்பெனியில மிஷின் செக்‌ஷன்ல இருக்கறவ. பொண்ணு பாக்கப் போனப்பவே எனக்குத் தெரிஞ்சுதுங். காப்பி கொண்டாந்து வெச்சுட்டு எதுத்தாப்புல உக்காந்து, "அத்தை, உங்க லேத்து எத்தனை அடி பெட்டு?"ன்னு கேட்டா. பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட! என்ற பையன் நந்தகுமாரு பல்லைக் காட்டறான். சரி, தொழில் தெரிஞ்ச புள்ள, நமக்குக் கூடமாட நிக்கும்னு நானும் தலையை ஆட்டிப்போட்டேன். அங்கதான் ஏமாந்தேன்.

கல்யாணமாகி மஞ்சக் கயிறு காயல, பட்டறைக்குள்ள வந்துட்டா. வந்தது வந்தா, கால்ல பூட்ஸு! ஆம்பளையாட்டம், தோலு பூட்ஸு. "ஏம்மிணி, சாமியிருக்கற எடத்துல என்ன இது?"ன்னேன். "சுருள் குத்தும் அத்தை. நீங்களும் போடோணும், உங்களுக்கும் ஒரு ஜோடி வாங்கியாறட்டா?"ங்கறா. எகத்தாளத்தைப் பாத்தீங்களா? எனக்குப் பூட்ஸு வாங்கியாறாளாம்! வெளிய கழட்ட வெச்சேன். கழட்டுனா, இல்லீங்கல. ஆனா ஒவ்வொரு நாளும் கொண்டாந்து வாசல்ல வெப்பா. கழட்டுவா. அடுத்த நாளும் கொண்டாருவா. வம்புக்குன்னே பண்றது.

அப்பறம் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சா. சக்குக்கு மேல, அதான் இரும்பைக் கவ்விட்டுச் சுத்துமல்லங், அதுக்கு மேல ஒரு லைட்டு. எனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லாமச் சொல்றா. அடுத்தது, நம்பர் காட்டற பெட்டி ஒண்ணு. கைப்பிடியைச் சுத்தச் சுத்த அதுல அளவு ஓடுமாம். நான் விரல்லயே தொட்டுப் பாத்து அளவு சொல்றவ, எனக்குப் பெட்டி எதுக்கு? அப்பறம் சக்குக்கு ஒரு மூடி. கண்ணாடியாட்டம் பிளாஸ்டிக்கு. சுத்தறப்ப சுருளு மேல உழுகாம மறைச்சுக்குமாம். மூடியைத் தொறந்துட்டு மிஷினை ஓட்டவே கூடாதுங்கறா! கடையற ஜாப்பை ஒருக்காத் தொட்டுப் பாக்கோணும்னாலும் மூடி, தொற, மூடி, தொற. நான் மிஷின் ஓட்டறனா, அலமாரி தொறக்கறனா?

அத்தனையும் கழட்டிப்போட்டேன். அவ கம்பெனிக்குப் போனதுக்கப்பறம், நானே பிளக்கைப் புடுங்கி, ஸ்பேனர் எடுத்துக் கழட்டி அட்டாலியில போட்டுட்டேன். சாயந்தரம் வருவா, பாப்பா, மறுக்கா எடுத்து மாட்டுவா. நான் மறுக்காக் கழட்டுவேன். ஊட்டுல சண்டைச் சத்தமே இருக்காது, ஸ்பேனர் சத்தந்தான் கேக்கும்.

என்னங், மொகத்தைச் சுளிக்கறீங்க? குத்திருச்சா? ஓரமா வாங்கன்னு சொன்னனல்லங்! காட்டுங்... எடுத்துட்டீங்களா? சரி, ஒண்ணுமில்ல.

நீங்க நெனைக்கறீங்க, இந்தக் கெழவிக்குப் புதுசுன்னாலே புடிக்காதுன்னு. அதெல்லாம் இல்லீங். இந்த மிஷினையே நான் எப்புடி மாத்தியிருக்கேன் தெரியுமா? எங்கூட்டுக்காரரு நல்ல ஒசரம். அவரு ஒசரத்துக்கு மேடை கட்டி மிஷினை மேல நிறுத்தியிருந்தாரு. அவரு போனதுக்கப்பறம் நான் பலகைப் பெட்டி மேல ஏறி நின்னு ஓட்டுனேன். முதுகு உட்டுப்போச்சு. ஒரு நாள் ஆளைக் கூப்புட்டு மேடையை இடிக்கச் சொல்லிப்போட்டேன். எங்க மாமியா அப்ப உசுரோட இருந்தாங்க. மண்ணை வாரித் தூத்துனாங்க. "எம்மவன் நிறுத்துன மிஷினைக் குள்ளமாக்கறாளே, இவ வெளங்குவாளா"ன்னு தெருவுக்கே கேக்கக் கத்துனாங்க. நான் காதுலயே போட்டுக்கல. ஓட்டறது நானு, வலிக்கறது எனக்கு, இந்தம்மாவுக்கு மிஷினைப் பத்தி என்ன தெரியும்? வேணும்னே ஒரு பொம்பளையை முன்னுக்கு வர உடாமத் தடுக்கற பொம்பளை! அப்பறம் எனக்கு இடது கை வாக்கு, அதனால சுச்சுப் பெட்டியை இந்தப் பக்கம் மாத்துனேன். பட்டை பெல்ட்டை எடுத்துட்டு வி பெல்ட்டு போட்டேன். அத்தனையும் நான் பண்ணுனது. மிஷினு நெம்ப நல்லா ஓடுச்சு. ஏன்னா எது வேணும், எது வேண்டாம்னு எனக்குத் தெரியும். வான்மதி பண்றதெல்லாம் அப்புடியா? சும்மா, படிச்ச திமிரு.

இந்தப் பட்டையை மாசி மாசம் வெச்சா. லீவு போட்டுட்டு ஒக்காந்து அறுத்தா, ஓட்டை போட்டா, வெல்டிங் வெச்சா. பழைய மொபெட்டுல இருந்து பிரேக் ஷூவைக் கழட்டியாந்து பின்னால பெல்ட்டு ஓடற புல்லிக்கிட்ட மாட்டுனா. எங்க நின்னு மிதிச்சாலும் கரண்டு நின்னுபோகும், அந்தப் பிரேக் ஷூ போய் புல்லியைக் கவ்விக்கும். நல்லாத்தான் செஞ்சிருந்தா, வெல்டிங் ஒரே நேர்க்கோடு, பொய் சொல்லக் கூடாது. செஞ்சு முடிச்சுட்டு, "அத்தை, ஒருக்கா மிதிச்சுப் பாருங்க"ன்னு கூப்புட்டா.

"ஆரை மிதிக்கச் சொல்றே?"ன்னேன்.

"மிஷினை இல்லீங்கத்தை, பிரேக்கை."

"பிரேக்கு மிஷின்ல இருக்குதா, ஆகாசத்துல இருக்குதா? எங்கூட்டுக்காரரு போனதுக்கப்பறம் எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். இதை எட்டி ஒதைக்கச் சொல்றயா?"

"உங்க ரெண்டு கையும் வேலையில இருக்கும் அத்தை. கால்தான் சும்மா இருக்கும்."

கால் சும்மா இருக்குதாம்! பேச்சைப் பாருங். மாமியாளைப் பாத்துச் சும்மா நிக்கறேங்கறா. அன்னைக்குச் சத்தியம் பண்ணேன், என்ற கால் அந்தப் பட்டை மேல படாதுன்னு. மூடியைக் கழட்டுன மாதிரி இதைக் கழட்ட முடியல, கரண்டு ஒயரு போகுதே. அதனால காலைத் தள்ளி வெச்சு நின்னு ஓட்டுனேன். ஒரு முழம் தள்ளி நின்னு, குனிஞ்சு குனிஞ்சு, மறுக்கா முதுகு வலி. அதுவும் அவளாலதான்.

பெறகு ஒரு நாள் பாருங். அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டாங்க. நான் எப்பவும் சேலைக்கு மேல ஒரு சட்டை போட்டுக்குவேன், எங்கூட்டுக்காரரோட பழைய சட்டை, முந்தி பறக்காம இருக்கறதுக்கு. அன்னைக்குத் துவைச்சுப் போட்டிருந்தேன், தூத்தலு, காயல. கடைக்காரன் போன்ல கத்தறான், புஷ்ஷு ஒடனே வேணும்னு. ஒரு புஷ்ஷுதானேன்னு முந்தியை இழுத்துச் சொருகிட்டு நின்னேன். மூடி? அவங்க படி எறங்குனதுமே கழட்டியாச்சுங். குனிஞ்சு பாக்கறேன், சொருகுனது அவுந்திருக்குது, தெரியல. சக்கு புடிச்சுக்குச்சு. ஒரே இழுப்பு. கழுத்தைச் சேலை இறுக்குது, மூஞ்சி சக்குக்கிட்டப் போகுது. காத்தடிக்குது மூஞ்சியில, அந்தச் சக்குக் காத்து. கை சுச்சுக்கு எட்டுதா? எட்டல. கத்தறேன், சத்தம் வர்ல. கால் எங்க போச்சு, எப்புடிப் போச்சுன்னு எனக்குத் தெரியாது சாமி. டக்குனு நின்னுபோச்சு.

நின்னுபோச்சுங். அவ்வளவுதான்.

அதுல என்ன ஆச்சு? ஜாப் போச்சு! அப்புடித் திடுக்குனு நிறுத்துனா சீவற டூல் கடிச்சுக்குமல்லங்? டூல் முனை ஒடைஞ்சு, புஷ்ஷுல பள்ளம் உழுந்து, கடைக்காரன்கிட்ட நாந்தான் ஏச்சு வாங்குனேன். நோம்பிக்கு எடுத்த சேலை, ஒருக்காத்தான் கட்டுனது, முந்தி பாதி நார்நாராப் போச்சு. எவளால? அவ வெச்ச பிரேக்கால. சொகுசா ஓடிட்டிருக்கற மிஷினை மண்டையில அடிச்சு நிறுத்துனா என்ன ஆகும்?

என்னங் அப்புடிப் பாக்கறீங்க? நாஞ்சொல்றது சரிதானே?

சக்கைக் கையால பின்னாலத் திருப்பிச் சேலையை உருவுனேன். கொஞ்ச நேரம் கீழ உக்காந்துட்டேன், வெயில் கெறக்கம். தூத்தலுதான், ஆனா புழுக்கமா இருந்துச்சு. அப்பறம் குனிஞ்சு இந்தப் பட்டையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். கால் பட்டிருச்சல்லங், மிஷினை மிதிச்சுப்போட்டனேன்னு. வேற ஒண்ணுக்குமில்ல.

சாயந்தரம் அவ வந்தா. சேலைத் துண்டு சக்குல சுத்தியிருந்ததை நான் எடுக்க மறந்துட்டேன். பாத்தா. அப்பறம் ஓடியாந்து என்ற கழுத்தைத் தடவித் தடவிப் பாக்கறா, செவந்து தடிச்சுக் கெடந்துச்சு. "அத்தை, அத்தை"ன்னு ஒரே அழுகை. அழுதாச் சரியாப்போச்சா? "உன்ற பிரேக்கு எம்பட ஜாப்பைக் கெடுத்துப்போட்டுது, டூலையும் ஒடைச்சுப்போட்டுது, தொடாத புள்ள"ன்னேன்.

அழுகை நின்னுபோச்சு. அப்புடி ஒரு பார்வை பாத்தா. "மூடியைக் கழட்டுனீங்களா?"ங்கறா.

"ஆமா, கழட்டுனேன். எம்பட மிஷினு."

"பிரேக்கை மிதிச்சீங்களா?"

"மிதிக்கல. தானா நின்னுச்சு."

"தானா நிக்காது அத்தை. நீங்க மிதிச்சிருக்கீங்க. நல்ல வேளை மிதிச்சீங்க. இனி என்னால முடியாது. நான் கம்பெனியில நிக்கறப்பெல்லாம், ஊட்டுல என்ன ஆச்சோ, ஊட்டுல என்ன ஆச்சோன்னு நெனைச்சுட்டே நிக்க என்னால முடியாது. நீங்க சக்குல சுத்திக் கெடக்கறதை வந்து பாக்கறவ நானா இருக்க மாட்டேன்."

சொல்லிப்போட்டுப் பொட்டியைக் கட்டிட்டா. என்ற பையன், நான் பெத்தவன், ஒரு வார்த்தை எனக்காகப் பேசோணுமே! "அம்மா, மூடியை மாட்டு"ங்கறான். அவ வாசப்படியில நின்னுட்டுச் சொல்றா, "மூடியை மாட்டி, பிரேக்கோட சேத்து ஒரு போட்டோ அனுப்புங்க அத்தை. அன்னைக்கே வந்தர்றோம்." மாமியாளுக்குப் பரீட்சை வெக்கறா! பாஸானாத்தான் மருமக வருவாளாம். அனுப்புவனா நானு? எத்தனை நாளு காத்திருந்தாங்களோ, இன்னைக்குக் கட்டிலு பீரோவை எடுக்க வர்றாங்க. கட்டிலு போயிட்டா அப்பறம் அந்த ரூமு வெறும் ரூமுதான். போகட்டும். நான் என்ன, பொம்பளை தனியா இருந்ததில்லையா?

சரி, ஆரம்பிங்க. பேசிட்டே இருந்தா வேலை ஆகாது. மெயினை நிறுத்திட்டீங்கல்ல? கீழ குனிஞ்சாத்தான் போல்ட்டு தெரியும். அந்தச் சாக்கு வாயை அவுக்க வேண்டாம், கழட்டுனதும் நானே உள்ள போட்டுக் கட்டிக்கறேன். அதுலதான் லைட்டு, பெட்டி, மூடி எல்லாம் இருக்குது. அவ பூட்ஸும் இருக்குது. ரெண்டு ஜோடி. ஒரு ஜோடி அவளுது, இன்னொண்ணு என்ற அளவு, சொல்லாமக் கொள்ளாம வாங்கியாந்து வெச்சுட்டா. போட்டுப் பாக்கவே இல்ல. சரியாத்தான் இருந்துச்சு.

ஏனுங், நிறுத்திட்டீங்க? போல்ட்டு துரு புடிச்சிருக்குதா?

பொட்டா? எங்க? பட்டை மேலயா?

அதுங்... காத்தால மிஷினுக்கு மஞ்சளும் குங்குமமும் வெப்பேனல்லங், கை தவறி ஒழுகியிருக்கும். சக்குக்கு வெக்கறது கீழ ஒழுகும்.

பூவுமா ஒழுகும்னா கேக்கறீங்க? நெம்பக் குறும்புங் உங்களுக்கு. பூவு காத்துல உழுந்திருக்கும். சரி, நூல்ல கட்டித்தான் இருக்குது, தெரியுதுங், எனக்கும் கண்ணிருக்குது. அட, நான்தான் வெச்சேன், அதுக்கு இப்ப என்னங்கறீங்க? தினமுந்தான் வெக்கறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கால் படுது, மன்னாப்புக் கேக்க வேண்டாமா? காத்தால வெச்சுக் கும்புட்டுட்டா அப்பறம் நாளு பூரா மிதிச்சாலும் பாவமில்லைன்னு ஒரு இது.

மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணேன், ஆமா. சத்தியம் பண்ணது அவகிட்ட. அவதான் இங்க இல்லையே.

இருங், இருங். அது என்ன சத்தம்? டெம்போவா? மத்தியானம்னு சொல்லிப்போட்டு இப்பவே வந்துட்டாங்களே! அவசரத்தைப் பாருங், மாமியா ஊட்டுல இருந்து சாமானைத் தூக்கறதுக்கு. ஸ்பேனரைக் கீழ வையுங். வையுங்கன்னா! பொட்டு வெச்சதை அன்னைக்கே கழட்டக் கூடாது. ஆரு சொன்னதா? நான் சொல்றேன். கூலியை வாங்கிக்கங்க, அதுல ஒண்ணும் கொறைச்சல் வெக்க மாட்டேன்.

அந்தச் சாக்கை... இல்லீங், தூக்க வேண்டாம். வாய்க் கட்டை மட்டும் அவுத்து உடுங். உள்ள அந்த மூடியில கீறல் உழுந்திருந்தா அதுக்கும் என்னையத்தான் சொல்லுவா. எடுத்து மிஷின் மேல வையுங். மாட்டல்லாம் வேண்டாம். மாட்டறது அவளுக்குத்தான் தெரியும்.

அதா எறங்கறா பாருங். எளைச்சுட்டா. சோறு ஆக்கித் திங்கறாங்களோ இல்லையோ, தனிக்குடித்தனம் ஒரு கேடு! மொகத்தைப் பாருங், சண்டைக்குன்னே வர்றா. நானும் சும்மா உட மாட்டேன், நீங்க இங்கயே நில்லுங், சாட்சிக்கு.

ஏ வான்மதி! என்ன, அங்கயே நிக்கறே? கட்டிலைக் கண்ணுல பாக்கறதுக்கு முன்னால இங்க வா. வந்து பாரு உன்ற சாமானை, ஒண்ணு கொறையுதுன்னு பின்னால பேசக் கூடாது. இந்த மூடிக்கு நாலு போல்ட்டுல ஒண்ணைக் காணோம், நான் தொலைக்கல, நீ வெச்சதே மூணுதான்.

ஏ புள்ள, வேப்பமரத்துக்கிட்ட என்ன குனியறே? செருப்பைக் கழட்டாத. உள்ளாறல்லாம் சுருள் கெடக்குது, குத்திரும்.

போட்டுட்டே வா.